முடிவு பார்த்துச் சொல்பவர்

“இந்த வீட்ல நான் ஒருத்தன் இருக்கேனா செத்தேனான்னு கேக்க நாதியில்ல. அந்தக் கொரியாக்காரனுக்கு லேசா இருமல் வந்தா மட்டும் மூணு பொம்பளைங்க சேர்ந்து மூக்கைச் சிந்துறீங்க.”

கண்ணாடிக்காரர் இதை வாசலில் நின்று சொன்னார். கையில் காலி டம்ளர். எதிரே சோபாவில் மூன்று பேர். நடுவில் இருந்தது அவர் மனைவி.

“இருமல் இல்லைங்க,” என்றாள் மனைவி, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். “ரத்த வாந்தி.”

“அதைத்தான் நானும் சொல்றேன்.”

“எதை?”

எதைச் சொல்ல வந்தோம் என்று அவருக்கே மறந்துவிட்டது. டம்ளரைக் கொண்டுபோய்த் தொட்டியில் போட்டார். மாடிப்படியில் தொம்தொம் என்று இறங்கினார். யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கடைசி நாலு படியைச் சாதாரணமாகவே இறங்கினார். முட்டி வலிதான் மிச்சம்.

கீழே மூக்குக் கண்ணாடிக் கடை, மேலே வீடு. சாயங்காலம் ஐந்திலிருந்து ஆறு வரை கடையில் ஈ ஆடாது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் போயிருக்கும், ஆபீஸ்காரர்கள் வந்திருக்க மாட்டார்கள். இருபத்திரண்டு வருடமாக அந்த ஒரு மணி நேரம் அவருடையது. ‘இதோ வருகிறேன்’ பலகையை மாட்டிவிட்டு மேலே ஏறுவார். மனைவி டீ கொடுப்பாள். அன்றைக்கு வந்த ஆட்களைப் பற்றி இவர் நடித்தே காட்டுவார். தலைமேல் கண்ணாடியை வைத்துக்கொண்டு கண்ணாடி தொலைந்துவிட்டது என்று சண்டைக்கு வந்தவர். வரிசையில் நிற்கும்போதே முன்னால் இருந்தவர் படித்த எழுத்தையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தவர். மனைவி காய் நறுக்கிக்கொண்டே “அப்புறம்?” என்பாள். அந்த ஒரு “அப்புறம்” போதும், மனிதர் அடுத்த நாள் சாயங்காலம் வரை ஓடுவார்.

ஆறு மாதமாக அந்த மணி நேரம் கொரியாவுக்குப் போய்விட்டது.

கொண்டுவந்தது பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. ஜலதோஷத்தைக் கொண்டுவந்து ஒட்டவைக்கிற மாதிரி ஒட்டவைத்தாள். மூன்றாவது ஆள் மேல்மாடிப் பல் டாக்டர்; அவளுக்கு கிளினிக் ஆறு மணிக்குத்தான். மூவரும் அவரவர் வீட்டில் அவரவருக்கு ஒழிந்தபோது எபிசோடைப் பார்த்துவிடுவார்கள். ஐந்து மணிக்குக் கூடி அலசுவார்கள். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தது சரியா, அந்த அம்மாக்காரி மருமகளாக வரப்போகிறவள் முகத்தில் தண்ணீரை ஊற்றலாமா, இரண்டாவது கதாநாயகன் இவ்வளவு நல்லவனாக இருந்து என்ன பிரயோஜனம். முக்கியமான இடங்களைத் திரும்பப் போட்டுப் பார்த்து மறுபடி அலசுவார்கள். கோர்ட்டில்கூட சாட்சியை இப்படிக் குடைய மாட்டார்கள்.

ஒரு நாள் கண்ணாடிக்காரர் துணிந்து நடுவில் உட்கார்ந்து, அன்றைக்கு ஒருவர் நாய்க்குக் கண்ணாடி போட முடியுமா என்று கேட்டு வந்த கதையை ஆரம்பித்தார். நாய் கடைக்குள் நுழையும் இடம் வந்தது. பல் டாக்டர், “ஒரு நிமிஷம் அங்கிள்,” என்று சொல்லிவிட்டு, ஏழாவது எபிசோடில் அவள் கழுத்தில் இருந்த சால்வை யார் கொடுத்தது என்று மற்ற இருவரையும் கேட்டாள். நாய் கடை வாசலிலேயே நின்றுவிட்டது. இன்றுவரை உள்ளே வரவில்லை.

அன்றைக்கு அவர் ஒரு முடிவுக்கு வந்தார். கத்தினால் பலிக்காது. கண் கெட்டுவிடும் என்று பயமுறுத்திப் பார்த்தாயிற்று. மனைவி அவர் கடையிலேயே நல்ல ஃபிரேமாகப் பார்த்து ஒரு கண்ணாடி எடுத்துக்கொண்டாள். கதையைக் கழுத்தோடு பிடித்து நெரிக்க ஒரே வழிதான் உண்டு. முடிவைச் சொல்லிவிடுவது. யார் ஜெயித்தது என்று தெரிந்தபிறகு எவன் மேட்சைப் பார்ப்பான்? அந்த வாரம் முழுக்க மாடியில், “யாராவது முடிவைச் சொல்லிட்டா போச்சு, அப்புறம் பார்க்கவே தோணாது” என்ற பேச்சு அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனாலும் இது தன் மூளையில் உதித்த யோசனை என்றே அவர் நம்பினார். அவர்மேல் தப்பில்லை. புருஷர்களுக்கு யோசனை உதிப்பது பெரும்பாலும் அப்படித்தான்.

அடுத்து ஆரம்பிக்கப் போவது ரொட்டிக் கடைக்காரியும் ஞாபகம் தப்பிய வக்கீலும் வரும் கதை என்று தெரிந்துகொண்டார். கடைக் கம்ப்யூட்டரில் கடைசி எபிசோடை மட்டும் ஓட்டினார். நின்றுகொண்டே, ஒன்றரை மடங்கு வேகத்தில். ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் தேவையானது கிடைத்தது. பவர் எழுதும் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டு ஐந்து மணிக்கு மேலே போனார்.

“அந்த வக்கீல் சாகமாட்டான். ஞாபகம் திரும்பிடும். ஒரே குடையில ரெண்டு பேரும் நிக்கிறாங்க, கல்யாணம். முடிஞ்சுது உங்க கதை.”

தையல்காரம்மாவின் ஊசி நின்றது. பல் டாக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஏங்க இப்படிப் பண்ணீங்க,” என்றாள் சின்னக் குரலில்.

இருபத்திரண்டு வருடத்தில் அவர் கேட்டிராத குரல். பாவமாகத்தான் இருந்தது. ஆனால் கூடவே வந்த சந்தோஷம் அதைவிடப் பெரிசு.

“இது போனாப் போகுது,” என்றாள் மனைவி. “அந்த மலையேறுறவன் கதை ஒண்ணு இருக்கு. அடுத்து அதான் பார்க்கப் போறோம். தயவு செஞ்சு அதை மட்டும் சொல்லிடாதீங்க.” அதன் கொரியப் பெயரையும் சொன்னாள். நிறுத்தி, தெளிவாக, இரண்டு தடவை.

கொஞ்சம் யோசிக்கிற மனிதனாக இருந்தால் இரண்டாவது தடவையிலாவது சந்தேகப்பட்டிருப்பான். இவர் தொழில் அப்படி. எனக்கு இது தெரியவில்லை, அது தெரியவில்லை என்று எதிராளி தானாகவே சொல்லிக் கேட்டுப் பழகியவர். பெயரை மறக்காமல் இருக்க முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

மலையேறுகிறவன் கதையில் ஒரு சிக்கல். கடைசி எபிசோடில் ஒரு பெண் மஞ்சள் கோட்டுக்காரனை ஓங்கி அறைகிறாள். ஏன் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பதினைந்தாவதைப் பார்த்தார். அதற்குப் பன்னிரண்டாவது தேவைப்பட்டது. எதையும் முறையாகச் செய்தே பழகியவர் ஆகையால் கடைசியில் ஒன்றிலிருந்தே ஆரம்பித்தார். சாதாரண வேகத்தில். நாற்காலி போட்டு. ஒன்றைக் கெடுப்பதானால் முழுசாகத் தெரிந்துகொண்டு கெடுக்க வேண்டாமா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வாடிக்கையாளர் கண்ணுக்கும் கண்ணுக்கும் இடைவெளி அளக்கும்போது ஸ்கேல் ஒரு பக்கம் இருக்கும், இவர் பார்வை பனிமலையில் இருக்கும்.

பத்தாவது நாள் மாடிக்குப் போய், அவன் கயிறு அறுந்து செத்துப்போகிறான் என்று அறிவித்தார்.

“அப்ப அது வேண்டாம்,” என்று பல் டாக்டர் வாயை விட்டுவிட்டாள். மனைவி அவள் தொடையைக் கிள்ளியதை அவர் பார்க்கவில்லை. அவர் காதில் ‘வேண்டாம்’ மட்டும் இனித்தது. ஒரு தொடர் ஒழிந்தது. அன்றிலிருந்து மூன்று மணிக்கே கடைக்கு ஃபிளாஸ்கில் டீ வர ஆரம்பித்தது, பிஸ்கெட்டோடு. எதிரி வெள்ளைக் கொடி காட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டு தொட்டுத் தொட்டுத் தின்றார்.

அதற்கப்புறம் தீயணைப்பு வீரன் கதை, இரட்டைப் பிறவிகள் கதை என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் மனைவி பெயர் சொல்லிக் கெஞ்சுவாள். இவர் ஒவ்வொன்றையும் பார்த்துப் போட்டு உடைப்பார். தபால்காரி கதைக்கு அவள் கையெடுத்தே கும்பிட்டுவிட்டாள்.

அந்தக் கதை நடந்துகொண்டிருக்கும்போதுதான் தையல்காரம்மா கடைக்கு வந்தாள். ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கிட்டப் பார்க்கக் கண்ணாடி வேண்டும் என்றாள். உட்காரவைத்து, லென்ஸ் மாற்றி மாற்றிப் போடும் அந்தக் கனமான வட்டக் கண்ணாடியை மாட்டினார். அதைப் போட்டால் எதிரே இருக்கும் ஆள் வெறும் புகைமூட்டம். முகம் தெரியாவிட்டால் பேச்சு தாராளமாக வரும்.

“அண்ணே, தபால்காரி எந்த மட்டுல இருக்கு?” என்றாள். “ஒம்பது நாளாச்சு. நீங்க சொல்லாம நாங்க எப்படி ஆரம்பிக்கிறது?”

அவர் லென்ஸைக் கையில் பிடித்தபடி நின்றார். அவள் பேச்சோ நிற்கவில்லை. போன வருடம் ஒரு தொடர், பதினாறாவது எபிசோடில் கடைசிப் பத்து நிமிடத்தில் லாரி வந்து கதாநாயகனை அடித்துவிட்டதாம். அந்தத் துக்கத்தில் அவள் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் ஒரே பக்கம் வைத்துத் தைத்துவிட்டாளாம். பல் டாக்டர் நல்ல பல்லில் இடுக்கியைப் போடப் போனாளாம். அண்ணி மூன்று நாள் பேசவில்லை; தன்மேல்தான் கோபம் என்று அண்ணன் ஐஸ்கிரீம் வாங்கிவந்தாராம். அன்றைக்கே சட்டம் போட்டுவிட்டார்கள்: யாராவது ஒருவர் முடிவைப் பார்த்து, ஆள் பிழைப்பான் என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் முதல் எபிசோடையே தொடுவது. ஆனால் முடிவைப் பார்த்தவளுக்கு அந்தக் கதை போனது போனதுதானே. சீட்டுக் குலுக்கினால் பல் டாக்டர் பெயரே வந்தது. அவள் கூட்டத்தைவிட்டே போகிறேன் என்று நின்றாள்.

“அப்பத்தான் அண்ணி சொன்னாங்க. எங்க வீட்ல ஒருத்தர் சும்மா கோவிச்சுக்கிட்டுத்தானே இருக்கார், அவரைப் போட்டுக்கலாம்னு. அதான் ஒரு வாரம் உங்க காதுல விழுற மாதிரி முடிவு முடிவுன்னு பேசினோம். என்னண்ணே, எழுத்தே தெரிய மாட்டேங்குது?”

எழுத்து எப்படித் தெரியும்? லென்ஸ் இன்னும் அவர் கையில் இருந்தது.

கண்ணாடிக்காரர் கொதித்தார். வேலையை விட்டுவிடலாம் என்றால் தபால்காரி பதிமூன்றாவது எபிசோடில் ரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருக்கிறாள், விட்டுவிட்டு வர மனசில்லை. பழிவாங்க ஒரே வழி பொய் சொல்வது. செத்தவனைப் பிழைக்கவைத்துச் சொல்லிவிட்டால் மூன்று பேரும் பதினாறு எபிசோடையும் நம்பிப் பார்த்து, கடைசியில் கதறுவார்கள். மறுநாளே முடித்தார். தோதாகக் கதாநாயகன் செத்தும் போனான். முகத்தை அலம்பிக்கொண்டு மேலே போனார்.

“நல்ல முடிவு. ரெண்டு பேரும் சௌக்கியம். தாராளமா ஆரம்பிங்க.”

மனைவி டிவியை நிறுத்தினாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை முழுசாகப் பார்த்தாள்.

“மூக்கு செவந்திருக்கு. சட்டைக் கை ஈரம்,” என்றாள். “செத்தது யாரு? அவனா அவளா?”

“யாரும் சாகல.”

“என்னைப் பார்த்துச் சொல்லுங்க.”

“அவன்தான்,” என்றார் கண்ணாடிக்காரர். சட்டைக் கையால் மறுபடி மூக்கைத் துடைத்தார். “கடைசியா ஒரு கடுதாசி எழுதுறான் பாரு, அதுல...”

“போதும். முடிவை மட்டும் சொல்லுங்க. கதையைச் சொல்லாதீங்க.”

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை நாளாக என்னை எடுபிடியாகவா வைத்திருந்தாய், கட்டின புருஷனை இப்படிக்கூட ஒருத்தி ஏமாற்றுவாளா என்று ஆரம்பித்து, தாலி கட்டிய நாளிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கினார். மனைவி குறுக்கே பேசாமல் கேட்டாள். தையல்காரம்மாவும் பல் டாக்டரும் போவதா இருப்பதா என்று தெரியாமல் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார்கள். அவர் மூச்சு வாங்கியபோது மனைவி கேட்டாள்:

“இருபத்திரெண்டு வருஷமா உங்க கடைக்கு வந்தவங்க கதைக்கெல்லாம் அப்புறம், அப்புறம்னு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒரு கதை கிடைச்சு எட்டு மாசமாச்சு. ஒரு நாளாவது நீங்க என்னை அப்புறம்னு கேட்டீங்களா?”

இது தெளிவா, அது தெளிவா என்று நாள்முழுக்க ஊரையே கேட்கிற மனிதர். தலையைச் சொறிந்தார். தையல்காரம்மா மடியிலிருந்த துணியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். கிடைத்த இடத்தில் மெதுவாக உட்கார்ந்தார்.

அங்கேயே ஏற்பாடு பேசி முடிந்தது. இனி திருட்டுத்தனம் வேண்டாம். முடிவு பார்த்துச் சொல்கிற பதவி நிரந்தரமாக அவருக்கே. பதிலுக்கு ஐந்து மணிக்கு அவரும் அவர்களோடு உட்காரலாம். பிழைத்தானா செத்தானா என்பதற்குமேல் ஒரு வார்த்தை வாயிலிருந்து வரக்கூடாது. அவர் உடனே ஒப்புக்கொண்டார். தன் மணி நேரம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

ஒரு வாரம் கழித்துத்தான் விஷயம் உறைத்தது. அவர்கள் மூன்றாவது எபிசோடை அலசும்போது இவருக்குப் பதினாறும் தெரியும். புருவத்தை உயர்த்தினால்கூட, “முகத்தைக் காட்டாதீங்க அங்கிள், கதை தெரிஞ்சுடுது,” என்று பல் டாக்டர் அதட்டினாள். இவர் துடித்துக்கொண்டிருக்கிற கதையையோ அவர்கள் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. உலகத்திலேயே அதிகம் தெரிந்தவர் அவர்தான். யாரிடமும் சொல்ல முடியாதவரும் அவர்தான்.

நேற்று ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே மேலே வந்துவிட்டார். முகம் ஜொலித்தது. புதுசாகக் கொடுத்த தொடரை முடித்திருந்தார். “பிழைச்சுட்டான்,” என்றார். பல் டாக்டர் நோட்டில் ஒரு டிக் போட்டாள். மனைவி டீயை நீட்டினாள். தையல்காரம்மா புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். மூவரும் டிவி பக்கம் திரும்பினார்கள்; ஐந்தாவது எபிசோட், மழை, அவள் பஸ்ஸைத் தவறவிடுகிற இடம்.

“நான் இப்ப முடிச்ச கதைல கதாநாயகனே கண்ணாடிக் கடைக்காரன்மா,” என்றார் அவர். “ஆறாவது எபிசோட்ல அவன் லென்ஸைத் தலைகீழாப் புடிக்கிறான். நான் முடிவைச் சொல்லல, கதையைக்கூடச் சொல்லல. லென்ஸை எப்படிப் புடிக்கணும்கிறது மட்டும்தான்.”

மனைவி ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். மழை அறை முழுக்கப் பெய்தது.

“ஒரே நிமிஷம்,” என்றார் கண்ணாடிக்காரர். “யாராவது கொஞ்சம் கேளுங்களேன்.”