இடுப்பில் குடியிருக்கும் பல்லி

பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்று நாற்பது வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். என் இடுப்புதான் அந்த நம்பிக்கையைக் கெடுத்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். போர்வெல் லாரியில் ஏறி ஊர் ஊராகத் தண்ணீர் தேடி அலைந்தேன். நாக்பூர்ப் பக்கம் லாரி மேலிருந்து விழுந்ததில் இடுப்பு மூட்டு போயிற்று. மதுரைக்கு வந்து பீங்கான் மூட்டு வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் நடை வந்தது. கூடவே சத்தமும் வந்தது. உட்கார்ந்தால் ‘கிச்’, எழுந்தால் ‘கிச் கிச்’.

டாக்டர் படமெடுத்துப் பார்த்தார். “மூட்டு நல்லாத்தான் இருக்கு. பீங்கானும் பீங்கானும் உரசினா சிலருக்கு இப்படிச் சத்தம் வரும்,” என்றார். (எண்ணெய் விடலாமா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.)

இந்த இடுப்போடுதான் ஒத்தக்கடைக்குப் பெண் பார்க்கப் போனேன். செல்வி அங்கே தையல் கடை வைத்திருந்தாள். அதற்கு முன் ஏழு வீடுகளில், ஆபரேஷன் என்று சொன்னதும் காபி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இதுவும் தட்டிப்போனால் இனி யார் வீட்டுப் படியும் ஏற மாட்டேன் என்று என் தாய்மாமா சொல்லியிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எச்சரித்தார்: “மாப்ள, இடுப்பப் பத்தி மூச்சு விடக் கூடாது. அம்புட்டுத்தேன்.”

“நல்ல எடமாத்தான் தெரியுது,” என்று செல்வியின் அப்பா சொல்லி முடிக்கவும், நான் நாற்காலியில் உட்காரவும் சரியாக இருந்தது. ‘கிச்.’

அவர் பரவசமாகி, நாற்காலிக் கையை விரலால் மூன்று முறை தட்டினார். “பல்லி சொல்லுது!”

மாமா விடுவாரா? “பையனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கெடையாதுண்ணே,” என்றபடி என் தொடையைக் கிள்ளினார். அசைந்தேன். ‘கிச்.’ எல்லோரும் தட்டினார்கள்.

“உடம்புக்கு ஏதும்…?”

“உடம்பா? இரும்புண்ணே!” ‘கிச் கிச்.’ (முழுப் பொய் இல்லை. உள்ளே உலோகமும் இருக்கிறது.)

எனக்கும் ஆசை வந்துவிட்டது. “பிளஸ் டூ பாஸுங்க,” என்று சொந்தமாக ஒன்றை அவிழ்த்துவிட்டு, வேண்டுமென்றே இடுப்பை அசைத்தேன். ‘கிச்.’

அத்தோடு விட்டிருக்கலாம். பல்லி எந்தத் திசையில் சொல்கிறது என்று செல்வியின் அம்மாவுக்குத் தெரிந்தாக வேண்டும். விளக்குமாற்றுடன் டியூப் லைட்டுக்குப் பின்னால் தேட ஆரம்பித்தார். புத்தி கெட்டு நானும் ஒத்தாசைக்கு எழுந்தேன். வடக்குச் சுவரோரம் ‘கிச்’. தெற்குச் சுவரோரம் ‘கிச்’.

“ஆத்தாடி, எம்புட்டுப் பல்லி!” என்றார் அந்த அம்மா.

அதுவரை கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்த செல்வி வாய் திறந்தாள். “பல்லியும் இல்ல, ஓணானும் இல்ல. அவரு இடுப்புல இருந்து வருது. இருபது வருசமா மெஷின் மிதிக்கிறேன், எதுல சத்தம் வருதுன்னு எனக்குத் தெரியாதா?”

மாமா காபி டம்ளருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒப்பித்தேன். லாரி, நாக்பூர், பீங்கான், எட்டாம் வகுப்பு.

செல்வியின் அப்பா முகம் கறுத்தது. “கெளம்புங்கண்ணே,” என்றார் மாமாவிடம்.

“இருங்கப்பா,” என்றாள் செல்வி. “ஊர் சுத்துற ஆளாச்சேன்னுதான் எனக்கு ரோசனையா இருந்துச்சு. இந்தச் சத்தத்த வச்சுக்கிட்டு இவரு சொல்லாமக் கொள்ளாம வாசப்படி தாண்ட முடியுமா? எனக்குச் சம்மதம்.”

நான் சட்டென்று எழுந்தேன். ‘கிச்!’

பழக்கதோஷத்தில் அவள் அப்பாவின் விரல் மூன்று முறை தட்டிவிட்டது. தட்டிய பிறகு என்ன செய்ய முடியும்? அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். ஏழு வீட்டுக்காரர்களுக்கும் நானே போய்ப் பத்திரிகை வைத்தேன். ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தேன்.

செல்வியின் கணக்கு இன்றுவரை தப்பவில்லை. நான் பூனைபோல வாசல் பக்கம் நகர்ந்தால், உள்ளே தையல் மெஷின் நிற்கும். மேசையில் மூன்று தட்டு விழும்.

“பல்லி எங்க கெளம்பிருச்சு?”

“டீ குடிக்கத்தான். இந்தா வாரேன்.”