மூன்று தம்ளர் உயிர்நீர்

கடை திறக்கும் முன்பே வரிசை தெருமுனையைத் தொட்டுவிடும். ஆளுக்கொரு காலி பாட்டில், ஒரு கிளை, முகம் நிறையப் பக்தி! போன வருஷம் வரை அதே கடையில் கொசுவலை விற்றவர்தான் இப்போது வேர்ச்சாமி. அவர் மூச்சு ஊதிய 'உயிர்நீரில்' வைத்தால் எந்தக் குச்சியும் வேர்விடுமாம். நாற்காலிக் கால்கூட வேர்விட்டதாக ஒருவர் சொன்னார். யார் பார்த்தது என்று கேட்கத்தான் ஆளில்லை.

வரிசையில் மூன்றாவது முறையாக நின்றாள் தையல்காரம்மா. அவள் குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப் போகிறார்கள். மெஷின், பீரோ, கட்டில் எல்லாம் வண்டியேறிவிடும். இறந்துபோன கணவர் சுவரோரம் வைத்த செம்பருத்தி ஏறாது; அதன் வேர் சுவருக்கடியில் ஓடியிருந்தது. ஒரு கிளையையாவது பிழைக்கவைக்கத் தவித்தாள். இரண்டு தடவை வைத்தாள். இரண்டும் அழுகின.

"மறுபடியும் அழுகிடுச்சுங்க சாமி."

சாமி கண்ணை மூடினார். "தண்ணியில குறையில்லம்மா. உன் வீட்டுல ஒரு மனசு கெட்டிருக்கு. வெளியில இருந்து வந்த மனசு."

எந்த வீட்டில்தான் வெளியிலிருந்து வந்த ஆள் இல்லை? சாமியின் ஞானம் அப்படி, எல்லார் அளவுக்கும் பொருந்தும் சட்டை!

தையல்காரம்மாவுக்கு மருமகள் முகம் நினைவுக்கு வந்தது. புதுப் பாட்டிலோடு வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்: "நீ அந்தச் செடிப் பக்கம் போகாத."

மருத்துவமனைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள் மருமகள். காரணத்தைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் அழவில்லை.

"அத்தை, பாட்டில்ல தண்ணிய மாத்துனீங்களா?"

"மாத்தினா உயிர் போயிடுமாம். சாமி சொல்லியிருக்காரு."

"அப்ப ஒண்ணு பண்ணலாம். உயிர்நீர்ல உங்க கையால ஒரு கிளை வைங்க. குழாய்த் தண்ணியில என் கெட்ட மனசால ஒண்ணு வைக்கிறேன். எது பிழைக்குதுன்னு பார்ப்போம்."

ஒரே செடி, ஒரே பருமன், கணுவுக்குக் கீழே ஒரே மாதிரி வெட்டு. மருமகள் குழாய்த் தண்ணீரை அகலமான பாத்திரத்தில் பிடித்து, குளோரின் மருந்து வாடை போக ஒருநாள் திறந்தே வைத்தாள். கீழிலைகளைக் கிள்ளினாள். மூன்று நாளைக்கொரு தடவை தண்ணீரை மாற்றினாள். இரண்டும் ஒரே ஜன்னலில், வெயில் நேராக விழாத இடத்தில் இருந்தன. மாமியார் தன் பங்குக்குத் தினமும் கும்பிட்டாள்.

மூன்றாவது வாரம் உயிர்நீர்க் கிளையின் அடி கறுத்து வழுவழுவென்று நாறியது. 'கெட்ட மனசின்' கிளையில் வெள்ளை வெளேரென்று விரல் நீளத்துக்கு வேர்.

தையல்காரம்மா மெஷின் ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "உன்னையப் போயி சொன்னேனே..." என்றாள். சற்று நேரத்தில் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, மூன்று தம்ளர்களைப் பையில் போட்டாள். "வா, கடைக்குப் போவோம்."

கடை வாசலில் கூட்டம் நெருக்கியது. தெருமுனையிலேயே தண்ணீர் ஊற்றி எடுத்துவந்த மூன்று தம்ளர்களையும் தையல்காரம்மா மேசையில் வைத்தாள்.

"சாமி, இதுல ஒண்ணு உங்க உயிர்நீர்னு என் மருமக அடிச்சுச் சொல்றா. எதுன்னு கண்டுபிடிச்சுக் குடுங்க."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சாமி பின்வாங்க முடியுமா? ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை நீட்டினார். நடுத் தம்ளர் மேல் கை நடுங்கியது.

"இதுதான்! துடிக்குது பாரு!"

"மத்தது ரெண்டும்?"

"செத்த தண்ணி. சாக்கடையில ஊத்து."

தையல்காரம்மா, கிளைக்கு ஊற்றியது போக மிச்சம் வைத்திருந்த சாமியின் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்தாள். முக்கால்வாசி காலி.

"மூணுமே இதுல இருந்துதான் ஊத்தினேன் சாமி. உங்க மூச்சை நீங்களே சாக்கடைக்கு அனுப்பிட்டீங்களே!"

யாரோ சிரித்தார்கள். யாரோ பின்கட்டுக் கதவைத் தள்ளினார்கள். அங்கே தெருக்குழாயிலிருந்து வந்த ரப்பர் ஹோஸ் வரிசையாக நின்ற பாட்டில்களை நிரப்பிக்கொண்டிருந்தது. சாமி ஊதவும் இல்லை, ஒன்றுமில்லை. ஹோஸ்தான் சாமி!

"ஏன்யா, இது எங்க வீட்டுக் குழாயிலயே வருதே!" என்று வரிசையில் நின்ற ஒருவர் அலறினார். சாமி முன்வாசலில் ஷட்டரை இறக்கிவிட்டுத் தெருவில் ஓடினார்.

ஓடியவரைத் திட்டிக்கொண்டே கூட்டம் கலைந்தது. அதில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார்: "அடுத்த தெருவுல ஒருத்தர் மண்ணுக்கு உயிர் குடுக்கிறாராமே, நிஜமா?"

கிளைக்கு வேர்விட மூன்று வாரம் ஆகிறது. "எங்கே, காட்டு" என்று கேட்க ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் நமக்கு நேரமே கிடைப்பதில்லை!