பெண் பார்க்க வந்த அன்று பூமி அசைந்தது பற்றி

நெய்வேலி
28.9.2001

சேசு மரி சூசை துணை

மேல்பட்டாம்பாக்கம் மரியாதைக்குரிய ராயப்பன் அவர்களுக்கு, இருதயசாமி எழுதிக்கொண்டது. இங்கே யாவரும் சுகம். நிலமும் இப்போதைக்குச் சும்மா இருக்கிறது. அங்கும் அவ்வாறே இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

செவ்வாய்க்கிழமை என் ஷிப்ட் முடிந்த பிறகு நீங்கள் குடும்பத்தோடு என் மகள் ஸ்டெல்லாவைப் பார்க்க வந்தீர்கள். அவள் முறுக்குத் தட்டை நீட்டவும் குவார்ட்டர்ஸ் குலுங்கவும் சரியாக இருந்தது. எல்லோரும் தெருவுக்கு ஓடினோம். நீங்கள் என்னைப் பார்த்து, "மைன்ஸ்ல அப்படி இன்னாய்யா தோண்டிக்கினு கீறீங்க?" என்றீர்கள். முப்பது வருடம் சுரங்கத்தில் வேலை செய்த குற்ற உணர்ச்சியில் நானும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். உங்கள் தங்கை பொன்னம்மாள், "பொண்ணு வந்து நின்னதும் பூமியே ஆடுது. இது ஆவாது" என்றார்.

ஸ்டெல்லா நிலவியல் படித்தவளாயிற்றே, சும்மா இருப்பாளா? தட்டைக் கீழே வைக்காமலே, "நாம நிக்கிற நிலமே ஒரு பெரிய பாறைத் தட்டுங்க. நகம் வளர்ற வேகத்துல வடக்க நகர்ந்துகினே இருக்கு. அது எதிர்ல இருந்த தட்டுல முட்டினதுலதான் இமயமலை எழும்பிச்சு. அந்த அழுத்தம் எப்பவாவது இங்கயும் தெறிக்கும். இதுல என் ராசி இன்னா இருக்கு?" என்றாள். நீங்கள் காபி குடிக்காமல் போய்விட்டீர்கள்.

மறுநாள் அவள் ஒரு அவித்த முட்டையை என் கையில் கொடுத்து, "பூமி இவ்ளோன்னா, நாம வாழ்ற பாறை இந்த ஓடு அளவுதாம்ப்பா. உங்க சுரங்கம் அந்த ஓட்டுல ஒரு கீறல்கூட இல்ல" என்றாள். அன்று மைன்ஸ் விளிம்பில் நின்று நூறு மீட்டர் பள்ளத்தைப் பார்த்தேன். பூமியின் வயிற்றையே தோண்டிவிட்டோம் என்று இத்தனை நாள் இறுமாந்திருந்தவன் ஐயா நான். அடியில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குக் தகிக்கும் பாறை, கல்லாக இருந்துகொண்டே மெல்ல மெல்ல ஊர்கிறதாம். அதன் மேல் நானும், நீங்களும், உங்கள் தங்கையும், ஒரே சவாரியில். ஹெல்மெட்டைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன். கண் கலங்கிவிட்டது.

இப்போது, பெண் மன்னிப்புக் கேட்டால் மறுபடி வருவோம் என்று தரகர் கலியனிடம் சொல்லி அனுப்பியிருக்கிறீர்கள். அவள் கேட்கமாட்டாள். நான் அன்று கேட்டதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். மாதா உங்கள் குடும்பத்தைக் காப்பாளாக.

இப்படிக்கு,
இருதயசாமி

பி.கு: இதை எழுதி முடித்ததும் உங்கள் மகன் லியோ தனியாகப் பஸ் ஏறி வந்து, "எங்க அத்த பேசுனதுக்கு நான் மன்னிப்பு கேக்கறேங்க" என்று ஸ்டெல்லாவிடம் சொன்னார். பிறகு, "கடலுக்கு அடியிலயும் நிலம் நகருதுங்களா?" என்று கேட்டார். இரண்டு மணி நேரமாக இருவரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கல்யாணத்தைத் தை மாதம் வைத்தால் போதும் என்கிறார்கள். மேலே எழுதியதைத் தயவுசெய்து படிக்காதீர்கள்.