ஆறு வடையும் அம்மன் மூக்குத்தியும்

செரண்டா,
ஞாயிறு காலை.

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் திருச்செல்வம் அவர்களுக்கு அத்தான் நல்லசாமி எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அக்கா தங்கமணியும் நலம். என் சர்க்கரை மட்டும் இறங்க மாட்டேனென்று பதினான்கிலேயே நிற்கிறது. சுங்கை பெசாரில் நீங்களும் பிள்ளைகளும் நலந்தானே? அனுப்பிய கருவாடு வந்து சேர்ந்தது, மிக்க நன்றி. வாட்சாப்பை விட்டுவிட்டுப் பேனாவைப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. வாட்சாப்பில்தான் நான் திருடனானேன்.

முதலில் அந்தப் பென்டிரைவுக்கு நன்றி. ரிட்டையரான மனிதருக்குப் பொழுது போகட்டும் என்று நீங்கள் ஏற்றிக் கொடுத்த கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படத்தை வியாழக்கிழமை மத்தியானம் திரைச்சீலையை இழுத்துவிட்டு இரண்டு தடவை பார்த்தேன். செய்யாத கொலைக்குப் பழி சுமக்கிற அந்த ஆள், தொப்பியும் நீளக் கோட்டுமாக மழையில் ஓடிக்கொண்டே இருக்கிறான். எல்லார் முகத்திலும் பாதி இருட்டு. ஒருவராவது வயிறாரச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. கடைசியில் பார்த்தால், கூடவே நின்று தோளைத் தட்டிக்கொடுத்த கூட்டாளிதான் கொலைகாரன்! மறுநாளே நானும் தொப்பி போட ஆரம்பித்தேன்.

அந்த மறுநாள் வெள்ளிக்கிழமை. கோவிலில் சாயங்காலப் பூசை, வெளியே நல்ல மழை. போன வருஷம் ரதம் இழுத்தவர்களுக்குக் கோவில் கொடுத்த சாம்பல் நிற மழைக்கோட்டுகள் வாசல் ஆணிகளில் வரிசையாகத் தொங்கின. பூசை முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு நான் முதல் ஆளாகக் கிளம்பிவிட்டேன். அன்றைக்குத்தான் கோவில் செயலாளர் செல்லன், திருகு கழன்ற அம்மன் மூக்குத்தியை ரவாங் ஆசாரியிடம் கொடுக்க மஞ்சள் துணியில் முடிந்து எடுத்துப் போனார். அங்கே போய்க் கோட்டுப் பையைத் துழாவினால் மூக்குத்தி இல்லை. அடுத்த வாரம் திருவிழா. அம்மன் மூளி மூக்கோடா ரதம் ஏறுவாள்?

சனிக்கிழமை காலை எங்கள் தாமான் குடியிருப்பின் வாட்சாப் குரூப்பில் கோவில் கேமராப் படம் வந்தது. மழையில் அதுவும் கறுப்பு வெள்ளை. தொப்பி, நீளக் கோட்டு; இடது பக்கம் பார்க்கிறான், வலது பக்கம் பார்க்கிறான், எதையோ கோட்டுக்குள் திணித்துக்கொண்டு நழுவுகிறான். “இவனேதான் லா!” என்று நானே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் செருப்பைக் கவனித்தேன். என் செருப்பு.

மாப்பிள்ளை, நான் திணித்தது ஆறு பிரசாத வடை. டாக்டரும் உங்கள் அக்காவும் எனக்கு வடையைத் தடை செய்து மூன்று வருஷமாகிறது. கோவில் தலைவர் புவனேசன் நாலு பேரோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். உண்மையைச் சொல்லியிருக்கலாம், ஆனால் பக்கத்தில் தங்கமணி நிற்கிறாள். படத்தில் அந்த நிரபராதி என்ன செய்தான்? ஓடினான். நானும் பின்வாசல் வழியாக ஓடி, ரயிலேறி, அடுத்த ஸ்டேஷனான பத்தாங் காலியில் இறங்கி, ஒரு ரொட்டி சானாய் கடையில் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டு உட்கார்ந்தேன். ஒன்றும் கேட்காமல் சுடுதண்ணீர் வைத்த கடைக்காரருக்கும் என் நன்றி உரியது.

ஒரு மணி நேரத்தில் செல்லன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். ஒரு ஸ்டேஷனுக்கு மேல் போகிற தைரியம் எனக்கு இல்லை என்று தங்கமணி அடித்துச் சொல்லியிருக்கிறாள். “அண்ணே, நீங்க எடுத்திருக்க மாட்டீங்க. பதினெட்டு வருஷமாப் பாக்குறேன் லா. நான் வந்து சொல்றேன், ஏறுங்க,” என்று தோளைத் தட்டினார். அழுதேவிட்டேன். பெண் கொடுத்த உங்கள் அப்பாகூட என்னை அப்படி நம்பியதில்லை.

மண்டபத்தில் கூட்டம் கூடியது. செல்லன் எனக்காகப் பேசினார். நான் வடையைச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. தங்கமணிதான் எழுந்து வீட்டுக்குப் போய், அரிசி டின்னுக்குப் பின்னால் நான் ஒளித்த, வடை சுற்றிய எண்ணெய்த் தாளைக் கொண்டுவந்தாள்.

“ஆறையும் தின்னீங்களா?”

“அஞ்சுதான். ஒன்னு கீழ விழுந்துருச்சு.”

மண்டபமே சிரித்தது. எனக்கு விடுதலை. உடனே புவனேசன், “அப்ப மூக்குத்தி எங்கதான் போச்சு?” என்றார். செல்லன், “பூசைக்கு முன்னாடியே என் கோட்டுப் பையிலதான் வெச்சேன்,” என்று, போட்டிருந்த கோட்டின் பையை வெளியே இழுத்துக் காட்டினார். நாலு இஞ்சி மிட்டாய் விழுந்தன. அவர் மிட்டாய் தின்பவர் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மூளையில் பளிச்சென்று பட்டது மாப்பிள்ளை. எழுந்து, “கூடவே நின்னு தோளத் தட்டுறவன்தான்யா எடுப்பான். நான் படத்துல பாத்தேன்,” என்றேன். எல்லாரும் செல்லனைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்தார். பிறகு கோவில் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். நாளைக் காலை புவனேசன் போலீசில் எழுதிக்கொடுக்கப் போகிறார். துப்புத் துலக்கிய எனக்கு மோர் கொடுத்தார்கள். இந்தக் கூர்மை உங்கள் படம் தந்தது, மறுபடியும் நன்றி.

உங்கள் வயலில் நெல் நன்றாகப் பால் பிடிக்கட்டும், பிள்ளைகள் படிப்பில் சிறக்கட்டும், வீண்பழி உங்கள் வாசற்படி ஏறாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு அத்தான்
நல்லசாமி

பி.கு.: கடிதத்தைப் பெட்டியில் போடக் கிளம்பினேன். மழை. கோட்டை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் இஞ்சி மிட்டாய்க்காகப் பைக்குள் கையை விட்டேன். உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் அங்கேதான் வைத்திருப்பேன். மிட்டாய் இல்லை, ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. அவிழ்த்தேன், மூக்குத்தி மினுங்குகிறது. செல்லன் கோட்டை நான் மாட்டி வந்திருக்கிறேன். மிச்சமிருந்த என் கோட்டை அவர் எடுத்துப் போயிருக்கிறார்.

எனக்காக அவர் சொன்ன வார்த்தையில் பாதியாவது அவருக்காக நான் சொல்லியிருக்கலாம். வெட்கமாக இருக்கிறது. மேலே எழுதியதை அடிக்கவில்லை, என் லட்சணம் உங்களுக்காவது தெரியட்டும். “இப்ப எந்த ஸ்டேஷனுக்கு?” என்று தங்கமணி கேட்கிறாள். ஓடவில்லை மாப்பிள்ளை. முதலில் செல்லன் வீடு, அப்புறம் அவரோடு புவனேசன் வீடு. எனக்காக அவர் பத்தாங் காலி வரைக்கும் வந்தார். அவர் வீடு இங்கிருந்து நாலாவது வீடு. தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டேன், என் முகத்தை அவர் முழுசாகப் பார்க்கட்டும்.