வேலை போனதற்குக் கேசரி

மகனுக்கு வேலை போனதற்காக ஆபீஸில் கேசரி கொடுத்த அப்பா உலகத்திலேயே என் அப்பா ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அந்தப் பெருமையைத் தேடித் தந்தவன் நான்.

எழுபதுகளில் அபுதாபி பக்கம் அல் ஐனில் அப்பாவுக்கு ஒரு கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன் வேலை. ஊரில் பி.யூ.சி. முடித்துவிட்டு வந்து சும்மா இருந்த என்னை ஒரு பாத்திரக்கடை சேட் டைப்பிஸ்டாகச் சேர்த்துக்கொண்டார். (டைப்பிங் லோயர் பாஸ் என்று சொல்லியிருந்தேன். பரீட்சைக்குப் போனது வரை உண்மை.)

முதல் சம்பளம் வந்ததும் அம்மா முந்திரியை அள்ளிப் போட்டுக் கேசரி கிளறினாள். நாலு பேர் வாயில் இனிப்பு போட வேண்டாமா? தூக்குச்சட்டியோடு நேரே அப்பா ஆபீஸுக்குப் போய், "எனக்கு வேலை கிடைச்சிருக்கு சார்" என்று மேசை மேசையாக விநியோகித்தேன். கணக்குப் பிரிவு ரஹ்மத் பாய்க்கு மட்டும் இரண்டு கரண்டி.

பாய் ரசித்துச் சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு ஒரு ஃபைலை எடுத்தார். "முபாரக், வாழ்த்துகள்! இனிமே உன் பேர்ல வர்ற பிள்ளைகள் அலவன்ஸ் கலாஸ், முடிஞ்சுது. ஊருக்குப் போக கம்பெனி தர்ற லீவ் டிக்கெட்டும் கலாஸ். சம்பாதிக்கிற பையன் கம்பெனிக்குக் குழந்தை இல்லே."

அடுத்த மாதம் திருச்சியில் அக்கா கல்யாணம். அவள் கையில் பொரியிட நான் ஒரே தம்பி. சொந்தக் காசில் எனக்கு டிக்கெட் எடுக்க அப்பாவுக்கு வழியில்லை.

"ஏண்டா, டிக்கெட் போடற ஆளைத் தேடிப் போயா கேசரி ஊட்டுவே?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

மறுநாள் சேட்டிடம் போய், "வேலையை விட்டுடறேன், ஒரு லெட்டர்..." என்று ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் மேசை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை நீட்டினார். வேலைக்கு லாயக்கில்லை, நீக்கியிருக்கிறேன் என்று ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்! பத்து டஜன் வாளிக்கு நான் நூறு டஜன் என்று ஆர்டர் அடித்திருந்தேனாம். (அத்தனையும் கப்பலேறிவிட்டன.)

"உன் முகத்தைப் பார்த்தா சொல்ல மனசு வரலே பேட்டா" என்றார். (கடிதம் அவரே ஒற்றை விரலால் அடித்தது. ஒரு பிழை இல்லை.)

ரஹ்மத் பாய் அதை இரண்டு தடவை படித்துவிட்டு முத்திரை குத்தினார். "அச்சா. மறுபடி குழந்தை."

அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மறுநாள் அதே தூக்குச்சட்டியில் கேசரி, அதே மேசைகள். "பையனுக்கு வேலை போயிடுச்சு, எடுத்துக்குங்க!"

மணையில் அக்கா கையில் பொரியை அள்ளிப் போட்டபோது நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். அன்று காலை முதல் போன் அக்காவிடமிருந்துதான்.

"அப்பாடா, மறுபடி குழந்தையாயிட்டே! கேசரி கிளறியாச்சு, கிளம்பி வாடா."