அமர்வு ஏழு: குசினியில் ஆண்

மூன்று நாள் இலக்கிய விழா. பதினொரு கலந்துரையாடல் அமர்வுகள், ஆறு சிறப்பு நிகழ்வுகள், ஒரு நூற்கண்காட்சி. நாற்பத்தெட்டுப் பக்க நிகழ்ச்சி நிரலை முன்னிருந்து பின்னும், பின்னிருந்து முன்னும் வாசித்துவிட்டேன். உடுவில் கனகலிங்கம் என்ற என் பெயர் எங்கேயும் இல்லை. அச்சகத்தின் பெயர் இருந்தது. பந்தல் போட்டவரின் பெயர் இருந்தது.

நான் இரண்டு கவிதைத் தொகுப்புகள் வெளியிட்டவன். இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, எங்கள் வீட்டு அலுமாரியில், முந்நூறு முந்நூறு பிரதிகளாக.

விழாவைப் புறக்கணிப்பது என்று தீர்மானித்தேன். மனைவி கமலாவதிக்கு அதை முறைப்படி அறிவித்தேன். அவள் வெங்காயத்திலிருந்து தலையை எடுக்கவில்லை.

"ஆரும் போய்ச் சொன்னால்தானே, நீங்கள் வரேல்லை எண்டு அவைக்குத் தெரியும்?"

அடுத்த நாளே விழா இணைப்பாளர் ஜெயதீபன் தொலைபேசியில் வந்தான். இளம் விரிவுரையாளர். தண்ணீர் விடாய்க்கிறது என்பதைக்கூட 'தாகம் சார்ந்த ஓர் உரையாடல் வெளி' என்று சொல்லக்கூடியவன். ஏழாவது அமர்வில் சிக்கலாம். தலைப்பு 'குசினியில் ஆண்: அடுப்பும் அதிகாரமும்'. பேச வந்த மூன்று ஆண்களுக்கும் சமைக்கத் தெரியாது என்பது நேற்றுத்தான் தெரியவந்ததாம். சமைக்கத் தெரிந்த ஆண் எழுத்தாளர் ஒருவர் அவசரமாகத் தேவை. எனக்கு ஆரையும் தெரியுமா என்று கேட்டான்.

"வேறை ஆர் தம்பி? நான்தான். முப்பது வருசமா எங்கடை வீட்டிலை ஒடியற்கூழ் என்ரை கையாலைதான்."

ஏன் கூழ் என்றேன்? அன்றைக்குக் கூழ் குடிக்க ஆசையாக இருந்தது. வேறு காரணம் இல்லை. எங்கள் வீட்டு அடுப்பை எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்பதே எனக்குத் தெரியாது. ஆனால் மேடையில் என் பெயர் எழுதிய ஒரு கதிரை கிடைக்கும் என்று தெரிந்தது. புறக்கணிப்பை மீளப் பரிசீலித்தேன். அரை நிமிடம் எடுத்தது.

இனி ஒரே ஆபத்து கமலாவதி. நான் "முப்பது வருடமாக" என்று தொடங்க, அவள் முன்வரிசையிலிருந்து சிரித்தால் அது காங்கேசன்துறை வரைக்கும் கேட்கும். என் கதிரையும் அதோடு போய்விடும். ஆகவே, என்னைக் கெஞ்சிக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்றும், அமர்வின் தலைப்பு 'பின்காலனியக் கதையாடல்களின் கட்டவிழ்ப்பு' என்றும் சொன்னேன். இது சாதாரணமாகவே போதும். இருந்தாலும், மண்டபத்தில் மின்விசிறி சுற்றாது, மானிப்பாயில் இருக்கும் உன் தங்கச்சியைப் பார்த்தும் கனகாலம் என்று சேர்த்துக்கொண்டேன்.

"ஓம், கன நாளாப் போகேல்லைத்தான். ஞாயிறு போறன்."

அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும். முப்பது வருடத்தில் அவள் நான் சொன்னதை முதல் தடவையிலேயே ஒத்துக்கொண்டது இல்லை.

பிறகு, ஒரு கட்டுரைக்கு என்று சொல்லி, கூழின் விபரம் கேட்டேன். கொப்பியும் பேனையுமாகக் குசினி வாசலில் நின்றேன். நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, செத்தல் மிளகாய், புளி எல்லாம் ஒழுங்காகச் சொன்னாள். காய்ந்த பனங்கிழங்கை இடித்த ஒடியல் மாவுக்கு வந்ததும் கரண்டியை நீட்டி எச்சரித்தாள்.

"மாவை முதல் ஊறவிட்டு, மேலாலை நிக்கிற தண்ணியை ரெண்டு மூண்டு தரம் ஊத்திப்போடோணும். இல்லாட்டிக் கைக்கும், வாயிலை வைக்கேலாது."

அதை எழுதினேன், பிறகு வெட்டிவிட்டேன். நல்லதோர் உரைக்கு நடுவில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் ஓட்டம் கெட்டுவிடும். அந்த இடத்தில் 'கூழ் என்பது ஓர் எதிர்ப்புக் குரல்' என்று போட்டேன். என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. அமர்வுகளில் அதை ஒருவரும் கேட்பதில்லை.

சனிக்கிழமை பின்னேரம், நான் தலைமயிர் வெட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது, நாளைக்கு எத்தனை பேர் வருவினம் என்று கமலாவதி விசாரித்தாள். என் பேச்சில் அக்கறை வந்துவிட்டது என்று மகிழ்ந்து, நூறு பேர் என்று கூட்டிச் சொன்னேன். காணும், அவ்வளவு போதும் என்றாள்.

ஞாயிறு காலை அவள் ஏழு மணிக்கே நல்ல சேலை உடுத்து மானிப்பாய்க்கு பஸ் ஏறினாள். நான் கரை போட்ட வேட்டி, சால்வை, வாசனையோடு ஒன்பதரைக்கு மண்டபத்தில் இறங்கினேன். ஜெயதீபன் வாசலில் நின்றான். கையைப் பிடித்து, மேடையைத் தாண்டி, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனான்.

அங்கே மூன்று கல். கல்லின்மேல் கிடாரம். கீழே நெருப்பு. பக்கத்து வாளிக்குள் நண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. மேலே ஒரு பதாகை: 'சிறப்பு நிகழ்வு: கவிஞரின் கைப்பக்குவம்.'

"நேற்று வீட்டுக்குப் போன் எடுத்தனான் சேர். நீங்கள் சலூனுக்குப் போட்டியளாம், அம்மாதான் கதைச்சவா. மேடையெண்டால் உங்களுக்குக் கூச்சமாம். அடுப்படியிலை விட்டால் எத்தனை பேர் வந்தாலும் தனியக் காய்ச்சுவியளாம். உடனை சிறப்பு நிகழ்வா மாத்திப்போட்டம்."

"அப்ப மேடையிலை என்ரை கதிரை?"

"அம்மா இருக்கிறா சேர். மானிப்பாயாலை தங்கச்சியாரையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறா."

சமைக்கத் தெரியாது என்று சொன்னால் முப்பது வருடப் பொய் போய்விடும். சொல்லாவிட்டால் நூறு பேர். அகப்பையை எடுத்தேன்.

ஒலிபெருக்கியில் மூன்று ஆண்கள் ஒரு மணித்தியாலம் அடுப்பைப் பற்றி வருந்தினார்கள். ஒருவரும் கைதட்டவில்லை. பிறகு கமலாவதியின் குரல் வந்தது.

"இவர் முப்பது வருசமா என்னைக் குசினிக்குள்ளை விட்டதில்லை. விடிய எழும்பித் தேத்தண்ணியும் பேப்பரும் கொண்டுவந்து கையிலை தருவார். நான் சீனி காணாது எண்டுவன். திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு வருவார். உங்களுக்கு நம்ப ஏலாமல் இருக்கும். எனக்கே ஏலாமல்தான் கிடக்கு."

மண்டபம் கூரை பறக்கக் கைதட்டியது. அவள் சொன்னது முழுக்க எங்கள் வீட்டில் நடப்பதுதான். ஆட்களைத்தான் மாற்றியிருந்தாள்.

அந்தக் கைதட்டல் அடங்குவதற்குள் நான் பக்கத்தில் இருந்த ஒடியல் மா முழுவதையும் பையோடு கவிழ்த்துக் கிடாரத்தில் கொட்டிவிட்டேன். கூழ் கொதித்தது. ஒரு சொட்டு நாக்கில் விட்டேன். வேப்பமரமே இறங்கி வந்து கிடாரத்துக்குள் விழுந்தது போல் கசந்தது.

ஓலைப் பிளாக்களில் வாங்கிக் குடித்தார்கள். முதலில் குடித்த விமர்சகரின் முகம் நாலாக மடிந்தது. ஆனால் கமரா அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "கசப்பை மறைக்காத நேர்மை இது" என்றார். அடுத்தவர் இதுதான் எங்கள் வரலாற்றின் சுவை என்றார். இன்னொருவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கி, வேப்பமர வேரில் ஊற்றிவிட்டு வந்து கையைப் பிடித்து உருகினார்.

பொன்னாடையோடு கமலாவதி வந்தாள். ஒரு பிளாவை நீட்டினேன்.

"எனக்கு வேண்டாம். நானும் தங்கச்சியும் அங்கை சாப்பிட்டிட்டுத்தான் வந்தனாங்கள்."

இத்தோடு தொலைந்தது, இனி எங்கள் இருவரையும் ஒருவரும் கூப்பிடமாட்டார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வருட விழாவுக்கான அழைப்புகள் நேற்று வந்தன. கமலாவதிக்கு மூன்று அமர்வுகள். எனக்கு இருநூறு பேர்.