எல்லா ஊரும் முதல் ஊர்

ஒரே வாய்க்காலை நம்பிப் பிழைத்த வளநாட்டில் தலைவரைத் தேர்ந்தெடுக்க ஒரு வழக்கம் இருந்தது. போட்டியிடுபவருக்கு ஆளுக்கொரு பானை வைத்து, ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புளியங்கொட்டை போட்டு வாக்களிக்கும். முதலில் போடுவது நரிப்பள்ளம் என்ற சிற்றூர். போட்டியிடுபவர் அங்கே வீடு வீடாகக் கூழ் குடித்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லவேண்டும். அங்கே தேறியவரின் பெயர் சந்தை வழியாக அடுத்த ஊருக்குப் போய்ச் சேரும். யாருக்கும் தெரியாத ஓர் ஆட்டு வியாபாரி அப்படித்தான் தலைவராகி, அந்த வாய்க்காலையே வெட்டினார்.

நாட்டின் பெரிய ஊரான பெருங்கோட்டைக்காரர்களுக்கு இது பொறுக்கவில்லை. "நரிப்பள்ளத்தானுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று தங்கள் வாக்கெடுப்பை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். நரிப்பள்ளம் விடுமா? அது இன்னும் முன்னால் இழுத்தது. மற்ற ஊர்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது.

தேர்தல் அமைச்சர் இளவழுதியார் அவையில் எழுந்தார். "பந்திக்கு முந்து என்றனர் முன்னோர். எனவே எந்த ஊரும் எந்நாளிலும் முந்தலாம். முந்தும் ஊருக்கெல்லாம் 'முதல் ஊர்' என்று அலங்கார வளைவு கட்டித் தரப்படும்." படைக்குப் பிந்து என்ற மீதியை அவர் தமக்கென்று வைத்துக்கொண்டார்.

"வேட்பாளர்கள் வருமுன்பே வாக்கெடுப்பா, ஐயா?" என்று ஒருவர் கேட்டார்.

"இருப்பவரை வைத்து நடத்துக. தற்போதைய தலைவர் எப்போதும் இருக்கிறார் அல்லவா?"

தலைவர் வச்சிரவேலரின் முகம் நாட்டின் ஒவ்வொரு உப்பு மூட்டையிலும் அச்சடிக்கப்பட்டிருந்தது. ஊருக்கு ஊர் வளைவு எழுந்தது. மக்களுக்குப் பெருமை தாங்கவில்லை. வாய்க்கால் தூர்ந்துபோனதைக் கவனிக்க யாருக்கு நேரம்?

கடைமடையான கொக்குமேட்டில் இரண்டு போகமாக நாற்று கருகியது. பயிரைப் பறிகொடுத்த கொளஞ்சி, "தூர் வாருறதுக்கு நானே நிக்கிறேன்" என்று கிளம்பினாள். வேட்புமனு வாங்கத் தொடங்கிய அன்றே கொடுத்துவிட்டு, நேராக நரிப்பள்ளத்துக்கு நடந்தாள்.

ஊரே அன்பாக வரவேற்றது. அஞ்சலை என்பவள் கூழ் ஊற்றிக்கொண்டே கொளஞ்சி சொன்னதை முழுவதும் கேட்டாள். அவள் கண் கலங்கிவிட்டது.

"நியாயமாத்தான் பேசுற கண்ணு. போன மாசமே வந்திருக்கக் கூடாதா? கொட்டை போட்டு முடிச்சிட்டோமே!"

"போன மாசமா? மனுவே இன்னைக்குத்தானேக்கா வாங்குறாங்க!"

"அதான் ஒரே ஒரு பானை இருந்துச்சா! உப்பு மூட்டையில பார்த்த மூஞ்சி. தெரிஞ்ச மனுசனாச்சேன்னு போட்டுட்டோம். மத்த ஊர்லயும் போட்டாச்சாம்."

கருகிய நாற்று கொளஞ்சியின் கண்முன் வந்து நின்றது. இருந்தாலும் சமாளித்துக்கொண்டாள்.

"போகட்டும்கா. அடுத்த தேர்தலுக்கு இப்பவே சொல்லி வச்சிடுறேன். அப்போ எனக்கும் ஒரு பானை வைங்க."

அஞ்சலை சங்கடத்தோடு வளைவை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"அடுத்த தடவையும் பெருங்கோட்டைக்காரன் முந்திடக் கூடாதுல்ல? அதுக்கும் சேர்த்து அன்னைக்கே போட்டுட்டோம் கண்ணு. இன்னும் கொஞ்சம் கூழ் ஊத்தட்டுமா?"